மாலை கழற்றிய மறுநாள்

வேலும் மயிலும் துணை!



தைப்பூசத்துக்கு மாலை போடுற காலம் நெருங்கிடுச்சு. ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்துல நம்ம குழுவுல யாராவது ஒருத்தர் ஒரு கேள்வி கேட்பாங்க. இந்த வருஷம் அதைக் கேட்டது கல்லூரியில படிக்கிற ஒரு தம்பி. கொஞ்சம் கோபமாவே கேட்டான்.

"அண்ணே, மாலை போட்டா எங்கப்பா 48 நாள் ஒரு சொட்டு தொடுறதில்ல. காலையில குளிச்சு, விளக்கேத்தி, கந்த சஷ்டி கவசம் சொல்லி, பாக்கவே அவ்வளவு நல்லா இருக்கும். பழனி போயிட்டு வந்து மாலையைக் கழட்டின மறுநாளே கடைக்குப் போயிடுறாரு. 48 நாள் முடியுதுன்னா 49-வது நாளும் முடியணும்ல? அப்ப அந்த 48 நாளும் நடிப்புதானே? முருகனையே ஏமாத்துறதுதானே? இந்த வருஷம் அப்பாவுக்கு மாலை போட வேணாம்னு குருசாமிகிட்ட சொல்லிடுங்க."

இந்தப் பதிவு அந்தத் தம்பிக்கு மட்டும் இல்ல. இதே கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு வெளியில சொல்லாம இருக்கிற பிள்ளைங்க நம்மள்ல நிறையப் பேர் இருக்காங்க. நான் டாக்டர் இல்ல. மருந்துக் கடையில வேலை பார்க்கிற பார்மசிஸ்ட். படிச்சது கொஞ்சம், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தது நிறைய. அதை வச்சுச் சொல்றேன்.

இந்தக் கேள்விக்கு ஊர்ல ரெண்டு பதில் தயாரா இருக்கு. ஒண்ணு, "அவனுக்கு மனசு இல்ல, திமிரு. நினைச்சா நிறுத்தலாம்." இன்னொண்ணு, "அது வியாதிப்பா, அவரை ஒண்ணும் சொல்ல முடியாது." முதல் பதில் ஒரு மனுஷனைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்துது. ரெண்டாவது அவரை ஒரு மூலையில உட்கார வச்சிடுது. ரெண்டுமே அவரைக் குணப்படுத்தாது. உண்மை என்னன்னு தெரியணும்னா மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

தேரும் முட்டுக்கட்டையும்

தேரோட்டம் பார்த்திருப்பீங்க. முன்னாடி வடம் பிடிச்சு இழுக்கிறவங்க ஒரு பக்கம். சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுறவங்க இன்னொரு பக்கம். இழுக்கிறதும் தடுக்கிறதும் சரியா இருந்தாத்தான் தேர் நிதானமா போகும்.

நம்ம மூளையிலும் அப்படித்தான். குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வடம் பிடிச்சு இழுக்கிற ஆள். அது நரம்பு செல்களைத் தூண்டி விடும். காபா என்பது முட்டுக்கட்டை போடுற ஆள். அது செல்களை அடக்கி அமைதிப்படுத்தும். மது உள்ளே போனதும் காபாவோட வேலையைக் கூட்டுது, குளுட்டமேட்டோட வேலையைக் குறைக்குது. அதாவது முட்டுக்கட்டையை அதிகமாப் போட்டு, வடம் இழுக்கிறவங்க கையையும் கட்டிடுது. அதனாலதான் முதல்ல கவலை குறைஞ்ச மாதிரி இருக்கும். அப்புறம் நாக்கு குழறும், கால் தள்ளாடும், தூக்கம் வரும்.

ஒரு நாள் நடந்தா இது அதோட முடிஞ்சிடும். தினம் தினம் நடந்தா மூளை சும்மா இருக்காது. "இவ்வளவு கட்டை போட்டா தேர் எப்படி நகரும்?"னு அது வடம் இழுக்க ஆளைக் கூட்டும், கட்டை போடுற ஆளைக் குறைக்கும். மாசக்கணக்கா, வருஷக்கணக்கா இப்படியே தன்னை மாத்திக்கும். முன்னாடி ஒரு குவார்ட்டர்ல வந்த மயக்கம் இப்ப ரெண்டுக்கும் வராம போறதுக்கு இதுதான் காரணம். "எவ்வளவு குடிச்சாலும் நம்மாளு ஸ்டெடியா நிப்பான்"னு நண்பர்கள் பெருமையாச் சொல்லுவாங்க. உண்மையில அது அந்த மூளை எவ்வளவு தூரம் மாறிப்போச்சுங்கிறதுக்கு அடையாளம்.

இப்ப ஒரு நாள் காலையில திடீர்னு எல்லா முட்டுக்கட்டையையும் உருவிட்டா என்ன ஆகும்? கூடுதலா நிக்கிற ஆளுங்க எல்லாரும் இழுத்துக்கிட்டு இருக்காங்க. தடுக்க ஆள் இல்ல. தேர் ஓடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, வாந்தி எல்லாம் அந்த ஓட்டம்தான். கடைசியாக் குடிச்சு ஆறு மணி நேரத்துலயே இது தொடங்கலாம். சிலருக்கு முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரும். இன்னும் சிலருக்கு ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள நினைவு குழம்பி, இல்லாத பூச்சி சுவத்துல ஊர்ற மாதிரி தெரியும், யாரோ பேசுற மாதிரி கேட்கும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். சரியான நேரத்துல சிகிச்சை கிடைக்கலைன்னா உயிரே போகலாம்.

நம்ம பக்தர்கள் கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய இடம் இதுதான்.

தினமும் நிறையக் குடிக்கிற ஒருத்தர் மாலை போடுற அன்னைக்குத் திடீர்னு நிறுத்துறாரு. நல்ல எண்ணம்தான். சில வருஷத்துக்கு முன்னாடி பக்கத்து ஊர்க் குழுவுல ஒருத்தருக்கு மாலை போட்ட மூணாவது ராத்திரி உடம்பு உதறி, கண் நிலைகுத்தி, கூரையைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சிட்டாரு. "சாமி வந்திருச்சு"ன்னு சுத்தி நின்னு அரோகரா போட்டாங்க. நல்லவேளை, அவரோட சம்சாரம் விடல. "இது சாமி இல்ல, போன தடவையும் இப்படித்தான் ஆச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"ன்னு அழுதுருக்காங்க. கொண்டு போனாங்க, பிழைச்சாரு. அந்தம்மா மட்டும் இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. விபூதி பூசுங்க, தப்பே இல்ல. பூசிக்கிட்டே வண்டியை எடுங்க.

மருத்துவமனையில என்ன செய்வாங்க? எல்லாக் கட்டையையும் ஒரே நேரத்துல உருவாம, மருந்தால சின்னக் கட்டை வச்சு, சில நாள்ல அதையும் படிப்படியா குறைச்சு எடுப்பாங்க. கூடவே தயாமின் என்ற பி1 வைட்டமின் கொடுப்பாங்க. நீண்ட நாள் குடிக்கிறவங்க உடம்புல அது ரொம்பக் குறைஞ்சு போயிருக்கும். அந்தக் குறை நீடிச்சா நினைவாற்றலே நிரந்தரமாப் போயிடலாம்.

சுகம் வேற, தவிப்பு வேற

சரி, அப்ப 48 நாள் தாண்டின ஆளுக்கு நடுக்கம் எல்லாம் அடங்கியிருக்கும்ல? தேர் நிதானத்துக்கு வந்திருக்கும்ல? பின்ன ஏன் 49-வது நாள்?

இங்கே டோபமைன் வருது. இதை "சந்தோஷ ரசாயனம்"னு யூட்யூப்ல நிறைய சொல்றாங்க. அது பாதி உண்மைதான். 1990-கள்ல வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வச்சு ஒரு சோதனை செஞ்சார். பழச்சாறு கொடுத்தப்போ முதல்ல சாறு நாக்குல பட்டதும் டோபமைன் செல்கள் துடிச்சுது. சாறு வர்றதுக்கு முன்னாடி ஒரு விளக்கு எரியும்னு பழக்கினதும், துடிப்பு சாறுல இருந்து விளக்குக்கு மாறிடுச்சு. சாறு வரும்போது புதுசா ஒண்ணும் இல்ல. விளக்கைப் பார்த்ததுமே துடிப்பு.

பழனி பஞ்சாமிர்த டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே நமக்கு நாக்குல எச்சில் ஊறுதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. குடிக்குப் பழகின மூளைக்கு விளக்குங்கிறது என்ன? சாயங்காலம் அஞ்சு மணி. கூலி கையில வாங்குற நேரம். குறிப்பிட்ட நண்பரோட பைக் சத்தம். கடைக்குத் திரும்புற முக்கு. வீட்டுல ஒரு சண்டை. இது ஒவ்வொண்ணும் ஒரு விளக்கு. பத்து இருபது வருஷமா எரிஞ்ச விளக்கு.

கென்ட் பெரிட்ஜ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இன்னொரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார். ஒரு பொருளை வேணும்னு தவிக்கிறதும், அதை அனுபவிச்சு ரசிக்கிறதும் மூளையில வேற வேற வேலை. போதைப் பழக்கத்துல தவிப்பு ஏறிக்கிட்டே போகும், சுகம் ஏறாது. பல வருஷம் குடிச்சவர்கிட்ட தனியாக் கேட்டுப் பாருங்க. "இப்பல்லாம் அதுல ஒரு சந்தோஷமும் இல்லப்பா"ன்னு சொல்லுவார். சொல்லிக்கிட்டே எழுந்து போவார். பார்க்கிறவங்களுக்கு அது பொய்யாத் தெரியும். ரெண்டுமே உண்மையா இருக்க முடியும்.

இப்ப அந்த 48 நாளைப் பாருங்க. வேட்டி மாறுது. எழுந்திருக்கிற நேரம் மாறுது. சாப்பாடு மாறுது. பேரே மாறுது, எல்லாரும் "சாமி"ன்னு கூப்பிடுறாங்க. பழைய கூட்டாளி வீட்டு வாசலுக்கு வர மாட்டார். அஞ்சு மணிக்குக் கடை முக்குக்குப் பதிலா பஜனை. நடைப்பயணத்துல குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்னு ஊரே மாறிக்கிட்டுப் போகுது. பழைய விளக்கு ஒண்ணுகூட எரியல. அதுக்கு மேல முருகன் மேல இருக்கிற அன்பும் பயமும். நிறுத்த முடியுது.

இதே மாதிரி ஒண்ணு உலக அளவுலயும் நடந்திருக்கு. வியட்நாம் போர்ல இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள்ல பலர் அங்கே ஹெராயினுக்கு அடிமையானாங்க. 1970-களோட தொடக்கத்துல லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் ஊர் திரும்பினவங்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். பெரும்பாலானவங்க திரும்ப அடிமையாகல. எல்லாருக்கும் இது ஆச்சரியமா இருந்துச்சு. காரணங்கள்ல முக்கியமானது, அவங்க பழகின இடமும் ஆட்களும் சூழலும் கடல் கடந்து பின்னாடியே நின்னு போச்சு.

நம்ம ஆளுக்கு இது தலைகீழா நடக்குது. அவர் பழனிக்குப் போய்ட்டுத் திரும்பி வர்றது பழகின அதே இடத்துக்குத்தான். மாலையைக் கழட்டின அன்னைக்கு எல்லா விளக்கும் ஒண்ணாச் சேர்ந்து எரியுது.

அதனால, தம்பி, அந்த 48 நாள் நடிப்பு இல்ல. 49-வது நாளும் முருகனை ஏமாத்துறது இல்ல. ரெண்டு நாளும் ஒரே மனுஷன்தான், அவரைச் சுத்தி இருக்கிற உலகம்தான் வேற.

அப்ப தப்பு யாரோடது?

"அப்ப அவர் மேல தப்பே இல்லையா?"ன்னு நீங்க கேட்கணும். கேட்கிறதுதான் நியாயம். அடி வாங்கின அம்மா இருக்காங்க, அடகுல போன நகை இருக்கு, பாதியில நின்ன படிப்பு இருக்கு. "மூளை ரசாயனம்"னு ஒரு வார்த்தையில அதையெல்லாம் துடைச்சுவிட முடியாது.

இந்தக் கேள்வி 2300 வருஷத்துக்கு முன்னாடியே கிரேக்கத்துல அரிஸ்டாட்டில் யோசிச்ச கேள்வி. போதையில தப்பு பண்ணினவனுக்கு ரெண்டு மடங்கு தண்டனைன்னு அங்கே ஒரு சட்டம் இருந்திருக்கு. அதை அவர் நியாயப்படுத்துறார். போதை ஏறின பிறகு அவனுக்குக் கட்டுப்பாடு இல்லாம இருக்கலாம். ஆனால் குடிக்காம இருக்கிறது அவன் கையில இருந்துச்சே, அப்படிங்கிறது அவர் வாதம். இன்னொரு உதாரணமும் சொல்றார். கல்லை எறிஞ்ச பிறகு திரும்பப் பிடிக்க முடியாது, ஆனால் எறிஞ்சது நீதானே?

இதுல பாதி எனக்குச் சம்மதம். அந்தப் பாதி இளைஞர்களுக்கானது. கல் இன்னும் உங்க கையில இருக்கு. "மச்சான், ஒரு பீர்தான்டா"ன்னு நண்பன் நீட்டுற முதல் கிளாஸ் முன்னாடி நீங்க எவ்வளவு சுதந்திரமா இருக்கீங்களோ, அவ்வளவு சுதந்திரம் அதுக்குப் பிறகு எந்தக் கிளாஸ் முன்னாடியும் இருக்காது. ஆசைக்கு அணை போடுற முன்மூளை முழுசா முதிர்றதுக்கு ஏறத்தாழ 25 வயசு ஆகும். அதுக்கு முன்னாடி ஊத்துற மது, காரை காயாத சுவத்துல ஊத்துற தண்ணி மாதிரி. அதோட, குடிக்கு அடிமையாகிற வாய்ப்புல சுமார் பாதி பரம்பரையா வருதுன்னு இரட்டைப் பிள்ளைகளை வச்சு செஞ்ச ஆய்வுகள் சொல்லுது. அப்பா குடிக்கு அடிமைன்னா, உங்க முதல் கிளாஸும் உங்க நண்பனோட முதல் கிளாஸும் ஒண்ணு இல்ல. அவன் தப்பிச்சுடலாம். இதை சாபம்னு எடுத்துக்காதீங்க, எச்சரிக்கைன்னு எடுத்துக்கோங்க.

மீதிப் பாதியில எனக்கு அரிஸ்டாட்டிலோட சம்மதம் இல்ல. எறிஞ்ச கல் திரும்பாது, ஆனால் மூளை கல் இல்ல. குடியை நிறுத்தி மாசங்கள் போகப் போக அது திரும்பவும் தன்னைச் சரிபண்ணிக்கும். தூக்கம் திரும்பும், நிதானம் திரும்பும். விளக்குகள் முழுசா அணையாது, ஆனால் மங்கும். அதனால அடிமையாகிட்ட ஒருத்தர்கிட்ட "அன்னைக்கு ஏன் எறிஞ்சே?"ன்னு தினமும் கேட்டுக்கிட்டே இருக்கிறதுல பயன் இல்ல.

அவரோட பொறுப்பு எங்கே இருக்குன்னா, தவிப்பு வர்ற அந்த அஞ்சு மணியில இல்ல. அந்த நேரத்துல அவர் பலம் ரொம்பக் குறைவு. அவரோட பொறுப்பு காலையில பத்து மணிக்கு இருக்கு. மனசு தெளிவா இருக்கிற நேரத்துல, சாயங்காலம் எந்த வழியா வீட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்றது. கூலியைச் சம்சாரம் கையில கொடுக்கச் சொல்றது. "எனக்கு முடியல, உதவி வேணும்"னு ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்றது. டாக்டர்கிட்ட போறது. இதெல்லாம் அவரால முடியும். முடியறதைச் செய்யலைன்னா அது அவர் தப்புதான், அதைக் கண்டிக்கலாம். கோபத்தை அஞ்சு மணிக்குக் காட்டாம பத்து மணிக்குக் காட்டுங்க, அவர் காதுலயும் விழும்.

பொறுப்பு அவரோட முடியறதும் இல்ல. நான் அரசியல் பேச வரல, நடந்ததை மட்டும் சொல்றேன். 1937-ல ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல அது சென்னை மாகாணம் முழுசுக்கும் வந்துச்சு. 1971-ல தளர்த்தினாங்க. 1983-ல டாஸ்மாக் நிறுவனம் வந்துச்சு. 2003-ல இருந்து சில்லறைக் கடையையும் அரசே நடத்துது. ஒவ்வொரு முக்குலயும் விளக்கை ஏத்தி வச்சுட்டு, "உனக்குக் கட்டுப்பாடு இல்ல"ன்னு ஒரு கூலித் தொழிலாளியை மட்டும் திட்டுறது எவ்வளவு நியாயம்னு நாம எல்லாரும் யோசிக்கணும்.

விராலிமலையில் நடந்தது

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்காரங்களுக்கு இந்த விஷயத்துல ஒரு கதை சொந்தமா இருக்கு. விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். "சாமிக்கே சுருட்டு இருக்கு, நமக்கென்ன?"ன்னு சில பேர் இதை வசதியா எடுத்துக்கிறாங்க. கதையை ஒழுங்காக் கேளுங்க.

கருப்பமுத்துப் பிள்ளை என்ற பக்தர். விராலிமலைக்கு வழக்கமா தரிசனத்துக்கு வர்றவர், சுருட்டுப் பழக்கம் உள்ளவர். ஒரு நாள் மழை, ஆத்துல வெள்ளம். கரையில மாட்டிக்கிட்டார். குளிர், பசி, கையில சுருட்டும் இல்ல. தவிச்சுப் போய் நிக்கிறார். அப்ப ஒருத்தர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து, ஆத்தைக் கடக்கவும் வழி காட்டினார். கோயிலுக்குப் போன பிறகுதான் வந்தது யாருன்னு அவருக்குப் புரிஞ்சுதுன்னு சொல்லுவாங்க.

இந்தக் கதையில முருகன் சுருட்டை நல்லதுன்னு சொல்லல. தவிக்கிற ஒரு மனுஷனைக் கரையில நிக்க வச்சு அறிவுரை சொல்லாம, அவன் நிலைமையில இருந்தே அவனைத் தொட்டு, கையோட அக்கரைக்குக் கூட்டிட்டுப் போனான். கதையோட முடிவு சுருட்டு இல்ல, அக்கரை. சுருட்டை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஆத்துலயே நிக்கிறவங்க கதையைப் பாதியில விட்டவங்க.

சூரசம்ஹாரத்தையும் நினைச்சுப் பாருங்க. சூரன் எத்தனை வடிவம் எடுக்கிறான்! கடைசியில கடல் நடுவுல மாமரமாவும் நிக்கிறான். குடியோட ஆசையும் அப்படித்தான் வேஷம் மாத்தும். "பீர் மட்டும்", "கல்யாண வீட்டுல மட்டும்", "உடம்பு வலிக்கு மட்டும்." வேல் பட்ட பிறகும் முருகன் சூரனை இல்லாம ஆக்கல. மயிலாவும் சேவலாவும் மாத்தித் தன்கிட்டேயே வச்சுக்கிட்டான். பழக்கத்தோட நினைவு மூளையை விட்டு முழுசா அழியாது. அது நம்மை ஓட்டுதா, நாம அதை ஓட்டுறோமாங்கிறதுதான் கேள்வி.

தம்பிக்கு என் பதில்

அப்பாவுக்கு மாலை போட வேணாம்னு நான் குருசாமிகிட்ட சொல்ல மாட்டேன். வருஷத்துல 48 நாள் அந்த மூளைக்கும் ஈரலுக்கும் ஓய்வு கிடைக்குது. அந்த 48 நாள்ல உனக்கு உன் அப்பா கிடைக்கிறாரு. அதை ஏன் பறிக்கணும்? ஆனா இந்த வருஷம் நாலு விஷயம் சேர்த்துச் செய்வோம்.

முதல்ல, மாலை போடுறதுக்கு முன்னாடி டாக்டர். தினமும் குடிக்கிறவர், காலையில எழுந்ததும் கை நடுங்குறவர், முன்னாடி வலிப்பு வந்தவர் யாரா இருந்தாலும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுல காட்டி, அவங்க சொல்ற மாதிரி நிறுத்தட்டும். மனநலப் பிரிவுன்னா பைத்தியத்துக்குன்னு நினைக்காதீங்க. இது அவங்க தினமும் பார்க்கிற நோய்.

ரெண்டாவது, 49-வது நாளுக்கு இப்பவே திட்டம். மாலையைக் கழட்டினாலும் குழு கலையக் கூடாது. முதல் மூணு மாசம் தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம்மள்ல ஒருத்தர் அவர் வீட்டுக்குப் போகணும், இல்ல கோயிலுக்குக் கூட்டிட்டு வரணும். 1935-ல அமெரிக்காவுல ரெண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கின ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்போட வழியும் இதுதான். குடியை விட்ட ஒருத்தர் விட நினைக்கிற இன்னொருத்தர் பக்கத்துல இருக்கிறது. நம்ம ஊர்கள்லயும் அவங்க கூட்டங்கள் நடக்குது.

மூணாவது, மருந்து. நால்ட்ரெக்ஸோன் மாதிரி மாத்திரைகள் குடியில கிடைக்கிற கிக்கையும் தவிப்பையும் குறைக்கும். டாக்டர் ஈரலைப் பரிசோதிச்சுட்டுத் தருவார். ஆனா ஒரு எச்சரிக்கை. "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்கிற மருந்து இருக்கா?"ன்னு என் கடைக்கு வந்து கேட்காத அம்மாக்களே இல்ல. அவங்க வேதனை புரியுது. ஆனா டைசல்ஃபிராம் மாதிரி மருந்து உடம்புல இருக்கும்போது அவர் தெரியாம குடிச்சா, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு, டாக்டர் கண்காணிப்புல மட்டும்தான் அதைக் கொடுக்கணும். ஆன்லைன்ல பேர் தெரியாத பொடி வாங்கிக் கலக்கவே கலக்காதீங்க.

நாலாவது, தவறினா திரும்ப வரலாம். 60 நாள் இருந்துட்டு 61-வது நாள் குடிச்சிட்டா கணக்கு பூஜ்யம் ஆகிடாது. சர்க்கரை நோயாளி ஒரு நாள் லட்டு சாப்பிட்டா "உனக்கு இனிமே மருந்தே கிடையாது"ன்னா சொல்றோம்? எந்த விளக்கு எரிஞ்சுதுன்னு பார்த்து, மறுநாள் காலையில திரும்பத் தொடங்கணும். ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோ. இதையெல்லாம் செய்ய வேண்டியது பிள்ளையான நீ மட்டும் இல்ல. அப்பா குடிக்கிறதுக்கு நீ காரணமும் இல்ல. அவர் கை ஓங்கினா அம்மாவையும் உன்னையும் காப்பாத்திக்கிறதுதான் முதல் தர்மம். அதுக்கு எந்தச் சாமியும் கோவிச்சுக்காது.

இது நடக்கிற காரியமான்னு சந்தேகம் வந்தா, சாந்தி ரங்கநாதன் அம்மாவை நினைச்சுக்கோங்க. குடிநோயால கணவரை இளம் வயசுலேயே இழந்தவங்க. அந்தத் துக்கத்தோட உட்கார்ந்திடாம 1980-ல சென்னையில, இன்னைக்கு டி.டி.கே. மருத்துவமனைன்னு எல்லாரும் சொல்ற சிகிச்சை மையத்தைத் தொடங்கினாங்க. திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி மாதிரி கிராமத்துக்கே போய் முகாம் போட்டு, குடும்பத்தையும் சேர்த்து வச்சு சிகிச்சை கொடுத்தாங்க. குடிக்கிறவரை மட்டும் தனியாப் பிடிச்சுத் திருத்த முடியாது, வீடும் ஊரும் சேரணும்னு அங்கே செஞ்சு காட்டினாங்க.

வள்ளுவர் வச்ச வரிசை

கடைசியா ஒண்ணு. திருக்குறள்ல கள்ளுண்ணாமை 93-வது அதிகாரம். சூது 94. அதுக்கு அடுத்த 95-வது அதிகாரம் என்ன தெரியுமா? மருந்து. கள்ளைக் கண்டிச்ச அதே வள்ளுவர், ஒரு அதிகாரம் தள்ளி மருத்துவத்தைப் பேசுறார். அந்த அதிகாரத்தோட கடைசிக் குறள்ல மருத்துவத்துக்கு நாலு பேரைச் சொல்றார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்துல இருந்து கவனிச்சுக்கிறவர். முதல் மூணும் இருந்தும் நிறைய வீட்டுல குணமாகாம போறது அந்த நாலாவது ஆள் இல்லாததாலதான்.

நம்ம குழு அந்த நாலாவது ஆளா இருக்கட்டும். இந்த வருஷம் மாலை போடுற சாமிகள்ல யாருக்கு இந்தக் கஷ்டம் இருக்குன்னு நமக்குத் தெரியும். கேலி பண்ணாம, கூட்டத்துல வச்சுப் பேசாம, தனியா ஒரு வார்த்தை கேளுங்க. உங்களுக்கே உதவி வேணும்னாலும் கூச்சப்படாதீங்க. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, ரெண்டும் இலவச எண்கள். தமிழ்லயே பேசலாம். வலிப்போ நினைவு குழப்பமோ வந்தா யோசிக்காம 108.

இந்தப் பதிவு யாருக்காவது உதவும்னு தோணினா அவங்களுக்கு அனுப்பி வைங்க. எல்லாருக்கும் பழனியாண்டவன் துணை இருக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!